கோயில் காட்டிலிருந்து கிடாக்கறியைக் கெடாமல் வீடு சேர்ப்பது எப்படி?

கோட்டையூரான்:
வர்ற வெள்ளிக்கிழமை என் கூட்டாளி வீட்டுக் குலசாமிக்குக் கிடா வெட்டு. கோயில் திருமயம் பக்கம் பொட்டக்காட்டுக்குள்ள இருக்கு. கார் கண்மாய்க்கரையோட சரி, அதுக்கப்புறம் ரெண்டு கிலோமீட்டர் செம்மண் ஒத்தையடிப் பாதை. ரெண்டு கிடா. ஒண்ணு அங்கேயே பந்திக்கு. இன்னொண்ணைக் கூறு போட்டுக் காரைக்குடி, தேவகோட்டை பங்காளி வீடுகளுக்குக் கொடுக்கணும். அவன் அப்பாவுக்கு முழங்கால் வலி. சுமக்க நானும் அவனும்தான்.

போன வருஷக் கூத்தையும் சொல்லிடுறேன். பத்து மணிக்கு வெட்டினது. ஆவி பறக்கப் பறக்கப் பிளாஸ்டிக் பையில போட்டு இறுக்கிக் கட்டி, சாக்குல திணிச்சு, கார் டிக்கியில வச்சோம். வழியில டீ, சொந்தக்காரங்களுக்காகக் காத்திருப்புன்னு வீடு வர மூணு மணி. பையைப் பிரிச்சா தொடையெலும்பை ஒட்டிப் பச்சை பூத்து, புளிச்ச வாடை. "சாமிக்குக் கொடுத்த உசுரைக் குழியில போட வச்சுட்டீங்களேடா"ன்னு அவன் அப்பத்தா அன்னிக்குச் சொன்னது இன்னும் காதுல இருக்கு. இந்த வருஷம் தப்பு நடக்கக் கூடாது.

வைரவன்பட்டியான்:
முதல்ல பூசாரிகிட்டக் கேளுங்க, கறி எல்லை தாண்டலாமான்னு. எங்க முனியையா கோயில்ல எலும்புகூட வெளிய வரக் கூடாது. பொழுது சாயறதுக்குள்ள தின்னு முடிச்சு, மிச்சத்தை அங்கேயே புதைச்சுட்டுத் திரும்பிப் பாக்காம வரணும்.

கோட்டையூரான்:
கேட்டாச்சு. தலையும் தோலும் பூசாரிக்கு, மத்தது எடுத்துட்டுப் போகலாம்னார்.

கறிக்கடைப் பேரன்:
தம்பி, உங்க கறியைக் கெடுத்தது வெயில் இல்ல, கிடாயோட உடம்புச் சூடு. அது வெளிய போக வழி விடாம பையில அடைச்சீங்க, கறி தன் சூட்டுலேயே வெந்து போச்சு. தொடைதான் கனம், அதுக்குள்ள எலும்பு. அதனால அங்கதான் முதல்ல கெடும்.

பத்து மணிக்கு வெட்டாதீங்க. சாமி கோவிச்சுக்காதுன்னா ஆறு மணிக்கே முடிங்க. குடலை அப்பவே எடுத்துத் தனிப் பாத்திரத்துல போடணும், கறியோட சேரவே கூடாது. தொடையை எலும்பு தெரியற வரைக்கும் நீளவாக்குல கீறி, வேப்பமரத்து நிழல்ல காத்துப் பட தொங்க விடுங்க. கை வச்சா சூடு தெரியக் கூடாது. கண்மாய்த் தண்ணியில கழுவவே கழுவாதீங்க, கழுவறதெல்லாம் வீட்டுலதான். சூட்டோட ஐஸ்லயும் போட்டுடாதீங்க. தசை இழுத்துக்கிட்டு, எத்தனை விசில் விட்டாலும் ரப்பர் மாதிரி இருக்கும்.

25 கிலோ கிடான்னா எலும்போட 11, 12 கிலோ கறி தேறும். ரெண்டு பேருக்கு அது ஒரு சுமையே இல்ல. காடாத் துணியில கட்டி ஓலைக் கொட்டான்ல வச்சா காத்து உள்ள போயிட்டு வரும். சும்மாடு கூட்டித் தலையில வச்சுட்டு நடந்துருங்க. கார்ல மீன்காரங்க வச்சிருக்கிற தெர்மாகோல் பெட்டியும் ஐஸும் தயாரா இருக்கட்டும். ஐஸ் உருகின தண்ணியில கறி ஊறக் கூடாது, அதை மட்டும் பாத்துக்குங்க.

டென்வர்வாசி:
நான் காரைக்குடிதான், இப்ப கொலராடோ. இங்க லைசென்ஸ் எடுத்து எல்க் வேட்டைக்குப் போவாங்க. நம்ம மிளாவைவிடப் பெரிய மான். கூட வேலை பாக்கிற வெள்ளைக்காரர் ஒருத்தர் செப்டம்பர்ல, 'சுமக்க ஒரு ஆள் வேணும், வர்றியா'ன்னார். போனேன். எலும்போட ஒரு பின்தொடை மட்டும் 25 கிலோவுக்கு மேல. முதுகுல சட்டம் வச்ச பையில கட்டிக்கிட்டு மலைச்சரிவுல நாலு நடை. ரெண்டாவது நடையிலேயே என் இடுப்பு எனக்குச் சொந்தமில்ல.

ஆனா முறை ஒண்ணுதான். தோலை உரிச்சு நாலு சப்பையாப் பிரிச்சு, பருத்திப் பையில போட்டு நிழல்ல தொங்க விட்டார். பிளாஸ்டிக்கைக் கிட்டவே சேக்கல. அனுமதிச் சீட்டைக் கறியிலேயே கட்டணும், ஆணா பெண்ணான்னு காட்டற அடையாளத்தையும் அறுத்துடக் கூடாது, அது சட்டம். வாடைக்குக் கரடி வரும்னு கறியைக் குடல் கிடந்த இடத்துலேருந்து தள்ளிப்போய்த் தொங்க விட்டோம்.

எங்க ஐயா காலத்துல திருமயம் காட்டுலயும் முயல், கௌதாரின்னு தோள்ல போட்டு வருவாங்களாம். 1972 வனவிலங்குச் சட்டத்துக்கு அப்புறம் அதெல்லாம் கதைதான். இப்ப மெஸ்ஸுல தர்ற காடை பண்ணைக் காடை.

பள்ளத்தூர்ப் பேத்தி:
அங்க கரடின்னா இங்க பேய் :) கறி எடுத்துட்டு வரும்போது மேல ஒரு கரித்துண்டும் இரும்பு ஆணியும் வைக்கச் சொல்லுவாங்க எங்க ஆயா. பேயோ நாயோ, ஆணி வைக்கறதுல என்ன நஷ்டம்?

பங்கு போட்டு மிச்சம் வந்தா உப்புக்கண்டம் போடுங்க. எலும்பில்லாத கறியை விரல் கனத்துக்கு அரிஞ்சு, உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், பூண்டு அரைச்சுப் பிசறி, கோணி ஊசியால நூல்ல கோத்து வெயில்ல கட்டணும். ராத்திரி உள்ள எடுத்துடுங்க. இந்த வெயிலுக்கு நாலஞ்சு நாள்ல கலகலன்னு காஞ்சுடும்.

கோட்டையூரான்:
எல்லாருக்கும் நன்றி. ஆறு மணி ஏழாச்சு, சாமியாடி வர லேட். மத்ததெல்லாம் பேரன் அண்ணன் சொன்னபடிதான். கொட்டான் கிடைக்கல, கூட்டாளியோட பழைய வேட்டியில மூட்டையாக் கட்டி, மூங்கில் கம்புல கோத்து ரெண்டு பேரும் தோள்ல தூக்கினோம். அவன் என்னைவிட அரை அடி உயரம், அதனால மூட்டை வழி நெடுக என் பக்கமே சறுக்கிச்சு. கண்மாய்க்கரை வரைக்கும் ரெண்டு நாய் பின்னாலேயே வந்துச்சு. ஆணிக்கு அதுங்க பயப்படல, அக்கா.

பத்தரைக்கெல்லாம் வீடு. அப்பத்தா தொடையை மோந்து பாத்துட்டு ஒண்ணும் சொல்லல, அம்மியில மசாலா அரைக்கப் போயிட்டாங்க. ஒண்ணரைக் கிலோ மிஞ்சினதுல உப்புக்கண்டம் போட்டு வளவுல கொடி கட்டியிருக்கோம். முதல் நாளே காக்கா நாலு துண்டைத் தூக்கிடுச்சு. மேல மெல்லிசுத் துணி போட்டா காய லேட் ஆகுமா, அக்கா?