புதுப்பிப்பு: 'இன்' வந்தால் எதிர்ப்பதம் என்றேனே, அது தப்பு

ஆங்கிலச் சொல்லுக்கு முன்னால் 'அன்', 'இன்' வந்தால் அர்த்தம் தலைகீழ், மகளுக்கு அப்படித்தான் சொல்லித் தருகிறேன் என்று போன வாரம் எழுதியிருந்தேன். ஒரு திருத்தம்.

நேற்று புளியரை செக்போஸ்ட்டில் எங்கள் பஸ்ஸுக்கு முன்னால் ஒரு டேங்கர் லாரி. பின்பக்கம் சிவப்பில் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்'.

"அப்போ இது தீப்பிடிக்காதாப்பா?"

பக்கத்து சீட்டுக்காரர் சிரித்துவிட்டார். குபீரென்று பிடிக்கும்! இந்த 'இன்' எதிர்மறை இல்லை. 'உள்ளே' என்று பொருள்படும் வேறொரு லத்தீன் முன்னொட்டு. 'இம்போர்ட்'டில் இருப்பதும் அதேதான், 'ப'வுக்கு முன்னால் 'இம்' ஆகிவிட்டது. 'இம்பாசிபிள்' மட்டும் பழைய எதிர்மறைக் கட்சி.

சரி, பின்னொட்டாவது ஒழுங்காக இருக்கும் என்று 'லெஸ்' எடுத்தேன். 'ஹோம்லெஸ்', 'யூஸ்லெஸ்' சரியாகச் சொன்னாள். 'ப்ரைஸ்லெஸ்'?

"விலையில்லா. ஸ்கூல்ல சைக்கிள் கொடுத்தாங்கல்ல, அது மாதிரி."