மறுமொழி: பம்பரத்தின் அடிப்பாகம் ‘முனை’யா, ‘ஆணி’யா?

அண்ணா, வணக்கம்.

பாகங்களைக் கழற்றி மாட்டும் விளையாட்டுப் பம்பரமான பேபிளேட்டில் தரையைத் தொடும் பாகத்துக்கு நீங்கள் சொன்ன ‘முனை’யை இரண்டு நாளாக யோசித்தேன். எனக்கு அது ஒட்டவில்லை. ‘ஆணி’ என்று வைப்போம்.

இங்கே கொழும்புக் கொட்டாஞ்சேனையில் விடுமுறை நாட்களில் மகனும் பக்கத்து வீட்டுப் பெடியளும் 2023இல் வந்த பேபிளேட் எக்ஸ் வகையைச் சோதிக்கிறார்கள். மேல்பாகமும் நடுப்பாகமும் அப்படியே இருக்க, அடிப்பாகத்தை மட்டும் மாற்றி, ஒவ்வொன்றையும் பத்துத் தரம் விட்டுக் கொப்பியில் குறிக்கிறார்கள். இதற்கு ‘ஒருபாக மாற்றுச் சோதனை’ என்ற பெயர் பொருந்தும்.

‘பிளாட்’ வகைக்கு அடி தட்டை. தரையை உரசிக்கொண்டு ஓடித் திரியும். அதன் பற்கள், பம்பரங்களை மோதவிடும் களத்து விளிம்பின் பல்வரிசையில் மாட்டினால் பாய்ந்துபோய் இடிக்கும், சீக்கிரம் ஓய்ந்தும் விடும். ‘பால்’ உருண்டை, நடுவில் நின்று நெடுநேரம் சுற்றும். ‘நீடில்’ ஒன்றுதான் கூர். தட்டையானதை எப்படி முனை என்பது? தட்டையாணி, உருண்டையாணி, ஊசியாணி என்றால் பிள்ளைகளுக்கு உடனே விளங்குகிறது.

மரப்பம்பரத்திலும் இந்த வேலையைச் செய்தது ஆணிதானே. குதிக்கிற பம்பரத்தின் ஆணியைக் கல்லில் உரைத்து மழுக்கினோம். சரிவராவிட்டால் பிடுங்கி வேறு அடித்தோம். பாகம் மாற்றிச் சோதிப்பது நமக்குப் புதிதே அல்ல.

‘ஆணி என்றால் இரும்பு, இதுவோ பிளாஸ்டிக்’ என்று தம்பி ஒருவர் எழுதியிருந்தார். காலாணியில் இரும்பு எங்கே இருக்கிறது? இந்தப் பாகத்தின் ஆங்கிலப் பெயரையே வைத்து ‘பிட்’ என்றே எழுதலாம் என்பதையும் நான் ஏற்கமாட்டேன். கணினிப் பாடத்தில் ஏற்கெனவே ஒரு பிட் இருக்கிறது.

இன்னொன்று. கொப்பியில் ‘சுற்றிய நேரம்’ மட்டும் போதாது. போட்டியில் கடைசிவரை சுற்றி வென்றால் 1 புள்ளிதான். எதிரிப் பம்பரத்தைப் பாகம் கழன்று சிதறவைத்தால் 2, களத்தின் ஓரத்துக் குழிகளில் நடுவில் உள்ளதற்குள் தள்ளினால் 3. நேரத்தை மட்டும் பார்த்தால் தட்டையாணி எப்போதும் தோற்றதாகவே தெரியும். ஆகவே ‘வென்ற புள்ளி’ என்று ஒரு நிரலும் வேண்டும்.

நடுப்பாகத்துக்குத்தான் இன்னும் சொல் அமையவில்லை. அதன் பெயரில் 3-60 என்றிருந்தால் 3 என்பது மூன்று புடைப்பு, 60 என்பது உயரக் குறி. ‘பூட்டு’ என்று வைத்தால் சிதறும்போது ‘பூட்டுக் கழன்றது’ என்று சொல்ல வசதி. வேறு யோசனை இருந்தால் ஞாயிறுக்குள் எழுதுங்கள், அன்றுதான் அடுத்த பக்கத்துக்குக் கோடு போடுகிறோம்.