எபோலா ரேபிட் டெஸ்ட்: கால் மணி நேர முடிவை நம்பி ஆளைப் பிரிக்கலாமா?

செந்தில் (லேப்):
2015 பிப்ரவரியில் உலக சுகாதார நிறுவனம் எபோலாவுக்கான முதல் ரேபிட் டெஸ்டை அவசரகாலப் பயன்பாட்டுக்கு ஏற்றுக்கொண்டது. ரீஈபோவ் என்று பெயர். நோய் இருக்கிற 100 பேரில் 92 பேரைப் பிடிக்கும். நோய் இல்லாத 100 பேரில் 85 பேரைத்தான் சரியாக விடுவிக்கும். இதை வைத்து வார்டு பிரிப்பது ஆபத்து என்பது என் கட்சி. காய்ச்சலோடு வந்த 100 பேரில் 5 பேருக்குத்தான் எபோலா என்று வையுங்கள். மீதி 95 பேரில் 14 பேருக்கு ஸ்ட்ரிப்பில் பொய்யாகக் கோடு விழும், அதாவது நோய் இருப்பதாகக் காட்டும். வெறும் மலேரியாவோடு வந்தவரை எபோலா நோயாளிகள் நடுவே படுக்க வைத்தால், இல்லாத நோயை நாமே கொடுத்ததாக ஆகாதா?

கயல்விழி (மருத்துவர்):
சார், கணக்கு சரிதான். ஆனால் வைரஸின் மரபணுவை லேபில் தேடும் பிசிஆர் டெஸ்டின் முடிவு வரும்வரை அந்த 100 பேரும் எங்கே இருப்பார்கள்? அப்போது மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் ஒரு முகாமில் வேலை பார்த்தேன். ரத்தக் குழாயை மூன்று உறைக்குள் வைத்து, செம்மண் ரோட்டில் ஜீப்பில் அனுப்புவோம். முடிவு வர ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள். அதுவரை எல்லோரும் ஒரே கூடாரம். ஓர் அம்மா காய்ச்சல் பிள்ளையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் வாளியில் ரத்தமாக வாந்தி எடுத்தார். நடுவே மறைப்பு ஒரு தார்ப்பாய். நீங்கள் பயப்படுவது டெஸ்ட் இல்லாமலேயே அங்கே நடந்துகொண்டிருந்தது.

கோடு விழுந்தவரை நோய் உறுதியானவர்கள் வார்டுக்கு அனுப்பச் சொல்லவில்லை. தனியாக வைத்து, அவர் ரத்தத்தை லேபில் முதலில் பாருங்கள் என்கிறேன். அங்கேயே இரண்டு மையங்களில் 106 பேருக்கு விரல் நுனி ரத்தத்தில் செய்த ஆய்வு அதே ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பிசிஆர் உறுதிசெய்த 28 பேரையும் டெஸ்ட் பிடித்தது. நோய் இல்லாத 77 பேரில் 71 பேரைச் சரியாகச் சொன்னது.

செந்தில் (லேப்):
28க்கு 28 என்பது சின்ன எண்ணிக்கை டாக்டர். புள்ளியியல்படி உண்மையான அளவு 88 சதவீதம் வரை இறங்கலாம். காய்ச்சல் தொடங்கி முதல் மூன்று நாளில் ரத்தத்தில் வைரஸ் குறைவு. அப்போது பிசிஆரே இல்லை என்று சொன்னாலும் திரும்பச் செய்யச் சொல்கிறார்கள். ரேபிட்டில் கோடு விழவில்லை என்று வீட்டுக்கு அனுப்பினால் அந்தக் குடும்பம் என்னாவது?

மேரி (செவிலியர்):
வீட்டுக்கு அனுப்ப இந்த டெஸ்டை யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது, அதில் செந்தில் அண்ணா பக்கம்தான் நான். இன்னொன்றும் பாருங்கள். பாதுகாப்பு உடைக்குள் வியர்த்து, கண்ணாடியில் ஆவி படிந்திருக்கும். அதன் வழியாக மங்கலான கோட்டை உண்டா இல்லையா என்று பார்க்க வேண்டும். இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்துச் சொல்வது கட்டாயம் என்று வைக்க வேண்டும். ஸ்ட்ரிப்பை 2 முதல் 8 டிகிரியில் வைக்க ஃபிரிட்ஜும் வேண்டும். கரண்ட் இல்லாத ஊருக்கு என்று செய்த பொருளுக்கே கரண்ட்!

செந்தில் (லேப்):
கரண்ட் வேண்டும் என்றால், பிசிஆர் வகை டெஸ்டைத் தானே செய்யும் ஜீன்எக்ஸ்பர்ட் மெஷினையே கொண்டுபோகலாமே? நம்மூரில் காசநோய்க்கு சிபிநாட் என்கிறோமே, அதே மெஷின். எபோலா கார்ட்ரிட்ஜ் போட்டால் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் முடிவு. 2018 முதல் 2020 வரை கிழக்குக் காங்கோவில் 2,200க்கு மேற்பட்டோர் இறந்த பரவலில் இதைத்தான் நம்பினார்கள்.

கயல்விழி (மருத்துவர்):
மெஷின் இருக்கும் ஊரில் அதையே செய்யுங்கள், எனக்கு மறுப்பில்லை. மெஷின் எட்டாத கிராமத்தில், வீட்டிலேயே ஒருவர் இறந்துவிட்டால்? உடலைக் கழுவ உறவுக்காரர்கள் காத்திருப்பார்கள்; எபோலாவில் இறந்தவர் உடலிலிருந்தும் நோய் தொற்றும். வாயில் பஞ்சுக் குச்சியால் தொட்டெடுத்துச் செய்ய ஓராகுவிக் என்ற இன்னொரு ரேபிட் டெஸ்ட் இருக்கிறது. 2019 அக்டோபரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ கொடுத்த விற்பனை அனுமதியில் இறந்தவர் உமிழ்நீரும் சேர்த்திதான்.

செந்தில் (லேப்):
இறந்தவர் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். அவரைத் தப்பான வார்டில் போடும் பேச்சே இல்லை, கோடு விழுந்தால் வீட்டாரை அன்றைக்கே கண்காணிக்க ஆரம்பிக்கலாம். ஆனால் கோடு விழாவிட்டாலும் உடலைக் கழுவக் கொடுக்கக் கூடாது. பாதுகாப்பு உடையோடு வரும் அடக்கக் குழுதான் எடுக்க வேண்டும்.

கயல்விழி (மருத்துவர்):
அங்கேதான் முட்டுகிறது சார். எந்த முடிவு வந்தாலும் உடலைத் தரமாட்டோம் என்றால், அடுத்த சாவை நமக்குச் சொல்லாமலேயே புதைத்துவிடுவார்கள். அதை என்ன செய்வீர்கள்?