பீலித் தண்ணீர் கலங்கிய காலை

இலங்கையில் பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். அந்த ஐப்பசியில் மழை இரண்டு நாளாக விடவேயில்லை. காலையில் குடத்தோடு, மலை ஊற்றுத் தண்ணீர் விழும் பீலிக்கரைக்குப் போனேன். எந்த மழையிலும் தெளிவாக விழும் ஊற்றுத் தண்ணீர் அன்றைக்குப் பால் ஊற்றிய தேத்தண்ணி நிறத்தில் விழுந்தது. குடத்தின் அடியில் விரலை விட்டால் நற நறவென்று மண்.

அப்பாயியிடம் காட்டினேன். குனிந்து பார்த்தவர், "மலைக்குள்ள மண்ணு கரையுது புள்ள, காம்பராவுல இருக்காதீங்க" என்றார். அப்புறம்தான் எங்கள் காம்பரா வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துக்குப் பின்னால் போய்ப் பார்த்தோம். தேயிலை நிரையின் குறுக்கே, கை நுழையும் அளவு வெடிப்பு. மேலே ஒரு சவுக்கு மரம் சாய்ந்திருந்தது. எங்கள் கதவும் இரண்டு நாளாக நிலையில் உரசிக்கொண்டிருந்தது. மழைக்குப் பலகை ஊதிவிட்டது என்று விட்டிருந்தோம்.

சிலர் வர மறுத்தார்கள். "மீரியபெத்தயை மறந்துட்டீங்களா?" என்று அப்பாயி கேட்டதும் கிளம்பினார்கள். 2014 ஒக்டோபர் 29 காலை அங்கே மண்சரிவில் லயங்களே மண்ணுக்குள் போனதை எங்கள் பக்கத்தில் யார் மறப்பார்கள்? கோயில் மண்டபத்தில் இருந்தோம். மதியம் மூன்று மணிக்கு மலை இறங்கியது. கடைசி இரண்டு காம்பராவின் பின்சுவர் போய்விட்டது. ஆட்கள் எல்லோரும் தப்பினோம்.

தம்பி சுவிஸில், தாவோஸில் ஹோட்டல் சமையலறையில் இருக்கிறான். இதைச் சொன்னபோது அங்கத்தைய பனிச்சரிவைப் பற்றிச் சொன்னான். பழைய பனிக்கும் புதுப் பனிக்கும் நடுவில் சீனி மாதிரி உதிரியான அடுக்கு ஒன்று இருந்தால் மேலே உள்ளது பாளமாக வழுக்குமாம். நடக்கும்போது காலடியில் 'வும்' என்று அமுங்கும் சத்தம் கேட்டால் சரிவை விட்டு விலகிவிட வேண்டுமாம். 30 பாகைக்கு மேல் சரிந்த இடங்கள்தான் பெரும்பாலும் ஆபத்து. குளிர்காலத்தில் தினமும் 1 முதல் 5 வரை ஆபத்து நிலை அறிவிப்பார்கள்.

மண்சரிவுக்கு நமக்கும் அளவு உண்டு. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 என்றால் கிளம்பத் தயாராக வேண்டும், 150 என்றால் வெளியேற வேண்டும். இப்போது லயத்து வாசலில், மரமோ கூரையோ மறைக்காத இடத்தில், மழையை அளக்க நேர்பக்க டின் ஒன்று வைத்திருக்கிறோம். அடைமழை இரவுகளில் யாராவது ஒருவர் டோர்ச்சும் அடிமட்டமுமாக எழுந்துபோய் அளந்து வருவோம்.

உங்கள் பக்கத்தில் முதலில் எது காட்டிக்கொடுத்தது? ஊற்றா, கதவா, வெடிப்பா? எழுதுங்கள்.