பள்ளம் தோண்டி நின்ற குதிரை

என் குதிரைக்கு டி.எஸ்.எல்.டி., அதாவது கணு மூட்டைத் தாங்கும் சஸ்பென்சரி தசைநார் மெல்ல மெல்லச் சிதையும் நோய், என்று ஸ்கேனில் உறுதியாகி எட்டு மாதம். பெருவியன் பாசோ இனப் பெண்குதிரை, 14 வயது, இரண்டு பின்னங்காலும். நோயைப் பற்றி இதற்கு மேல் இங்கே விளக்க வேண்டியதில்லை. என்னை உறுத்துவது வேறு. போன கோடை முழுக்க லாயத்து மண்ணில் பள்ளம் தோண்டினாள். கெட்ட பழக்கம் என்று நினைத்து தினமும் சாயங்காலம் மண்வெட்டியால் மூடினேன். காலையில் அதே இடத்தில் அதே பள்ளம். பின்னங்குளம்புகளின் நுனி பள்ளத்துக்குள், குதிகால் மேட்டில், கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். வலிக்குத் தானே வழி தேடியிருக்கிறாள் என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் புரிந்தது.

ஸ்டெம் செல் ஊசி வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டேன். அடிபட்ட தசைநார் என்றால் சரி. இதில் உடம்பு முழுக்க புரோட்டியோகிளைக்கான் என்ற சர்க்கரை கலந்த புரதம் சேர்கிறது என்று 2006லேயே ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வு சொல்லிவிட்டது. அந்த ஊசிக்காக அவளை மாதக்கணக்கில் கட்டிப்போட மனம் வரவில்லை. வலி மருந்து, சமதரையில் மெதுவான நடை, அவ்வளவுதான்.

---

என் குதிரையும் பள்ளம் தோண்டினான். அதைப் பார்த்துத்தான் குதிகாலை உயர்த்த ஆப்பு வைத்து லாடம் அடித்தோம். இரண்டு வாரம் நன்றாக நடந்தான். அப்புறம் கணு மூட்டு இன்னும் இறங்கிவிட்டது. லாடக்காரர் மூட்டுக்கும் தரைக்கும் நடுவே கையை வைத்துப் பார்த்தார். நான்கு விரல் போன இடத்தில் இரண்டுதான் நுழைந்தது. ஆப்பு வைக்கவே கூடாது.

---

"வைக்கவே கூடாது" என்பதை நான் ஏற்கவில்லை. குதிகால் உயர்ந்தால் காலின் பின்பக்கம் ஓடும் ஆழ மடக்குத் தசைநாணின் இழுவை தளர்ந்து சுமை சஸ்பென்சரி மேல் விழும், உண்மை. ஆனால் வலி உச்சத்தில் இருக்கும் குதிரைக்குக் கொஞ்ச நாள் ஆறுதல் தரும். பிறகு படிப்படியாக இறக்க வேண்டும், ஒரே நாளில் கழற்றக் கூடாது. பின்பக்கம் நீண்ட முட்டை வடிவ லாடத்தையும் லாடக்காரரிடம் கேளுங்கள். எடையைக் குறையுங்கள். ஸ்டீராய்டு ஊசிக்குச் சம்மதிக்காதீர்கள். பெண்குதிரையை இனப்பெருக்கத்துக்கு விடாதீர்கள். முக்கியமாக, எத்தனை முறை படுக்கிறது, எழ எவ்வளவு சிரமப்படுகிறது என்று தினமும் எழுதி வையுங்கள். என் குதிரை மூன்றாவது முயற்சியில் எழுந்த அன்று, இன்னும் ஒரு வாரம் பார்ப்போம் என்றேன். அந்த வாரத்தை அவளுக்குக் கொடுத்திருக்கக் கூடாது.

---

நன்றி. இன்றிலிருந்து எழுதி வைக்கிறேன். பள்ளத்தை இப்போது மூடுவதில்லை. உள்ளே விழும் கல்லை மட்டும் பொறுக்கி எடுத்துவிடுகிறேன்.