மறைபரவல்: கேடயச் சுரப்பிச் சிறுபுற்றுக்கு வேண்டிய ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

கேடயச் சுரப்பியில் (தைராய்டில்) தோன்றும் சிறிய புற்று கழுத்தின் நிணநீர்க் கணுக்களை (lymph nodes) எட்டியிருக்குமா என்று கணக்கிடும் முறைக்கு 'நிணநீர்க் கணு இடம்பெயர்வு முன்கணிப்பு' என்ற தொடர் முன்மொழியப்பட்டிருக்கிறது. இதில் 'நிணநீர்க் கணு' மட்டுமே எனக்கு உடன்பாடு. மற்ற இரண்டும் நோயாளியைத் தவறான பொருளுக்கு இட்டுச்செல்லும் என்று அஞ்சுகிறேன்.

இடம்பெயர்ந்தவர் என்றால் இருந்த ஊரை விட்டுப் போனவர் என்றே நாம் பொருள்கொள்கிறோம். ஈழத்துச் செய்திகளைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. புற்றோ பழைய இடத்தை விடாமல், நிணநீர் வழியே கணுவிலும் குடியேறுகிறது. ஆகவே 'பரவல்' என்பதே பொருந்தும். ஆனால் புற்று சுரப்பியின் உறையைக் கடந்து பக்கத்துத் தசைக்குள் நுழைவதையும் பரவல் என்று சொல்லிவிட முடியும் என்பதால், அதற்கு 'ஊடுருவல்' என்பதை ஒதுக்கிவிட்டு, இதைக் 'கணுப்பரவல்' என்று குறுக்கலாம்.

'முன்கணிப்பு' பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும். என் சித்திக்கு அறுவைக்கு முன் தந்த அறிக்கையை நானே மொழிபெயர்த்துக் கொடுத்தேன். 'கணுப் பரவல் முன்கணிப்பு' என்ற வரியில் விரலை வைத்து, "அப்படின்னா இனிமேதான் பரவுமா? இப்பவே எடுத்துட்டா பரவாதா?" என்று கேட்டார். அறிக்கை சொன்னது அதுவன்று. கழுத்தின் நடுப்பகுதியில், மூச்சுக்குழலை ஒட்டிய கணுக்களைச் சுரப்பியே மறைத்துவிடுவதால், மீயொலிப் படத்தில் (அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில்) அவை பெரும்பாலும் சரியாகத் தெரிவதில்லை. படத்தில் குறையொன்றும் இல்லாத கணுவை வெட்டி உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தால், உள்ளே புற்றணுக்கள் ஏற்கெனவே இருக்கக்கூடும். சிறிய புற்றுக்காரர்களிடமும் இது அரிதன்று. ஆண் என்பது, இளவயது, 5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட அளவு, சுரப்பியில் பல இடங்களில் புற்று இருப்பது, உறையைத் தாண்டிய ஊடுருவல் ஆகியவற்றைக் கொண்டு ஆய்வாளர்கள் கணிப்பது இப்படி மறைந்திருப்பதைத்தான், நாளை வரப்போவதையன்று. நாம் சாதகம் 'கணிப்பதும்' பிறந்த நேரத்துக் கோள்நிலையை, அதாவது நடந்து முடிந்த ஒன்றையே. ஆகவே இங்கே 'கணிப்பு' போதும்; 'முன்' என்ற ஒட்டு பொருளைக் கெடுக்கிறது.

'முன்கணிப்பு' முழுக்கப் பொருந்தும் இடமும் இதே துறையில் உண்டு. சப்பானின் கோபே நகரிலுள்ள குமா மருத்துவமனையில், அகிரா மியாவுச்சி முன்மொழிந்தபடி, 1993 முதல் இத்தகைய புற்றுகளை உடனே அறுக்காமல் கண்காணித்து வருகிறார்கள். அப்படிக் கண்காணிக்கப்பட்ட 1,235 பேரைப் பற்றி 2014இல் வெளிவந்த கட்டுரை, பத்தாண்டுகளில் ஏறத்தாழ 3.8 விழுக்காட்டினருக்குப் புதிதாகக் கணுப்பரவல் தென்பட்டதாகக் கூறுகிறது. யாருக்கு அது பின்னாளில் வெளிப்படும் என்று சொல்வதே முன்கணிப்பு. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், கணுக்களையும் சேர்த்து அகற்றுவதா வேண்டாமா என்ற கேள்வியே நோயாளிக்குப் புரியாமல் போகும். அகற்றும்போது குரல் நரம்புக்கும், சுண்ணாம்புச் சத்தைக் காக்கும் துணைச் சுரப்பிகளுக்கும் ஊறு நேரக்கூடும் என்பதால், இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று.

எனவே மறைந்திருக்கும் பரவலுக்கு 'மறைபரவல்' என்ற சொல்லை முன்வைக்கிறேன். 'மறைபொருள்' போல வினைத்தொகையாக இயல்பாக அமைகிறது. காலில் புண் வந்தால் 'நெறி கட்டியிருக்கிறது' என்று வீட்டில் சொல்கிறோமே, அந்த 'நெறி'யைக் கணுவுக்குக் கொள்ளலாம் என்று முதலில் ஆசைப்பட்டேன். ஆனால் நெறி என்பது வீங்கிக் கைக்குத் தட்டுப்படுவது. இங்கே வீக்கமே இல்லை என்பதுதான் சிக்கல்.

இந்தச் சிறிய புற்றுக்கு (microcarcinoma) வழங்கும் 'நுண்புற்று' என்பதையும் 'சிறுபுற்று' என்று மாற்ற வேண்டுகிறேன். 10 மில்லிமீட்டர் வரையுள்ளது இந்த வகை. கொண்டைக்கடலை அளவுள்ள ஒன்றை நுண்ணுயிரோடு சேர்த்து எண்ண வைப்பது சரியன்று.

ஆக, 'சிறுபுற்றின் கணு மறைபரவல் கணிப்பு' என்பது என் பரிந்துரை. படத்திலேயே தெரிந்துவிடும் பரவலுக்கு 'வெளிப்பரவல்' என்றால் சுரப்பிக்கு வெளியே பரவியது என்று பொருள்பட்டுவிடும். 'தெரிபரவல்' எனலாமா, வேறு நல்ல சொல் உண்டா என்று மருத்துவம் பயின்றவர்கள் சொல்ல வேண்டும்.