தீக்காய நோயாளிக்கு எனாக்சாபரின் அளவு போதவில்லை: ஆலோசனை தேவை

தீக்காயப் பிரிவில் இருப்பவர்கள் உதவுங்கள். நோயாளி 70 கிலோ, உடல் பரப்பில் 40% காயம், ஆறாம் நாள், கிரியாட்டினின் (சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் அளவு) இயல்பு. ரத்தக் கட்டு வராமல் தடுக்க எனாக்சாபரின் ஊசி தினம் 40 மி.கி. மூன்றாம் டோஸுக்கு 4 மணி நேரம் கழித்து எடுத்த ஆன்டி-டென்-ஏ (மருந்து ரத்தத்தில் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) 0.1தான், 0.2 முதல் 0.4 வரை வேண்டும். சிறுநீரகம் மருந்தை வேகமாக வெளியேற்றுவது, வீங்கிய தோலடியில் உறிஞ்சல் மந்தமாவது, ஆன்டித்ராம்பின் (இந்த மருந்து வேலை செய்யத் தேவையான ரத்தப் புரதம்) குறைவு, எல்லாமே சேர்ந்திருக்கலாம்.

22.8 + (0.33 × காயச் சதவீதம்) + (0.189 × எடை) என்ற தீக்காய டோஸ் சூத்திரத்தில் போட்டால் 49 மி.கி., 12 மணிக்கொருமுறை. 50 ஆக்கலாமா?

பிளேட்லெட் மூன்றாம் நாள் 80,000, இப்போது 1,40,000. ஏறுவதால், ஹெப்பாரின் வகை மருந்தான எனாக்சாபரின் பிளேட்லெட்டைக் குறைக்கிறதோ என்ற சந்தேகமில்லை. ரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜன் 600 என்று அதிகம், அதனால்தான் ரத்தக் கட்டு வருமோ என்று பயம்.

நாளை மறுநாள் கிராஃப்ட் (தோல் ஒட்டு அறுவை). கடைசி டோஸை 12 மணி நேரம் முன்பே நிறுத்துகிறீர்களா? கிராஃப்டுக்கு அடியில் ரத்தம் தேங்காமல் இருக்க, எத்தனை மணி நேரம் கழித்து மீண்டும் தொடங்குகிறீர்கள்? ஆன்டித்ராம்பின் அளவு பார்த்தவர்கள் அவசியம் எழுதுங்கள்.